ஊசி போட்டதும் ஏன் நடுக்கம்? பாம்புக் கடி மருந்து சுத்தமாகி வந்த கதை



மணிலா பிடுங்கும் காலத்தில் செடிக்கு அடியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடக்கும் என்பதைத் திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயிகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் பக்கத்து ஊரில் ஓர் அம்மாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. மல்லாட்டைச் செடியைப் பற்றி இழுத்த கையிலேயே கடி. வீட்டார் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். விஷமுறிவு மருந்தைச் சலைனில் கலந்து ஏற்றினார்கள். அதுவரை எல்லாம் சரி. ஒரு மணி நேரம் போனதும் அந்த அம்மாவுக்குக் குளிர் கண்டது. கட்டிலே ஆடுகிற அளவுக்கு நடுக்கம், பிறகு காய்ச்சல்.

கூட வந்த தம்பிக்குப் பயம் வந்துவிட்டது. "பாம்பு கொல்லலே மாமா, இந்த ஊசி கொன்னுடும் போல இருக்குது. அக்காவைத் தூக்குங்க, மந்திரிக்கிறவர்கிட்டயே போயிடலாம்" என்று குழாயைப் பிடுங்கப் போனார். நர்ஸம்மா குறுக்கே நின்று தடுத்ததால் ஆயிற்று. அந்த அம்மாவின் கதையைக் கடைசியில் முடிக்கிறேன். ஆனால் அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். உயிர் காக்கிற மருந்து ஏறும்போது ஆள் ஏன் இப்படித் தூக்கிப் போட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டியிருக்கிறது.

1891-ம் வருஷம் வியட்நாம் நாட்டின் தென்பகுதியில் பாக்லியூ என்ற ஊர்ப் பக்கம் பெரு மழை பெய்தது. வெள்ளத்துக்குத் தப்பிய நாகப் பாம்புகள் ஒரு கிராமத்துக்குள் புகுந்து 40 பேரைக் கடித்தன. நாலு பேர் செத்தார்கள். அவ்வூர்க்காரர் ஒருவர் 19 பாம்புகளை உயிரோடு பிடித்துப் பீப்பாயில் அடைத்து, சைகோன் நகரத்தில் இருந்த ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு டாக்டருக்கு அனுப்பினார். கால்மெட் பிரான்ஸ் திரும்பிய பின், விஷத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பிராணிகளுக்கு ஏற்றிப் பழக்கி, அவற்றின் ரத்தத்திலிருந்து விஷத்தை முறிக்கும் சீரத்தை எடுத்தார். இது 1894, 1895 வாக்கில் நடந்தது. அதே சமயத்தில் பாரிஸில் பிசாலிக்ஸ், பெர்ட்ரான் என்ற இரண்டு பேரும் இதே உண்மையைக் கண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நம் நாட்டில் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் நல்ல பாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும் சீரம் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

விஷத்தை முறிக்கும் வழி இப்படிச் சீக்கிரமே கிடைத்துவிட்டது. ஆனால் அந்தச் சீரத்தில் அழுக்கு சேராமல் காப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளத்தான் நூறு வருஷம் ஆயிற்று.

யோசித்துப் பாருங்கள். விஷம் வருவது பாம்பின் வாயிலிருந்து. எலியையும் தவளையையும் குடலோடு விழுங்குகிற வாய் அது, அதிலே கிருமிக்குப் பஞ்சமா? அந்த விஷத்தை ஏற்றுவது லாயத்தில் நிற்கிற குதிரைக்கு. குதிரை லத்தியில் ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ் கிருமி இருக்கும். பிறகு அதே குதிரையின் ரத்தத்தை எடுத்து, நாள் கணக்கில் பதம் பண்ணி, மனிதனுடைய நரம்பில் ஏற்ற வேண்டும். வாயில் போடுகிற மாத்திரையில் நாலு கிருமி இருந்தால் வயிறு சமாளித்துக்கொள்ளும். நரம்பில் ஏற்றுவதற்கு அந்தச் சலுகை கிடையாது.

இதன் கொடுமையை உலகம் பார்த்தது அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் என்ற நகரத்தில். மருந்து பாம்புக் கடிக்கானது அல்ல, குழந்தைகளைக் கொல்லும் தொண்டை அடைப்பான் நோய்க்கானது. ஆனால் செய்முறை ஒன்றேதான், குதிரைச் சீரம். பால் வண்டி இழுத்துக்கொண்டிருந்த ஜிம் என்ற குதிரையிடமிருந்து நகரத்துச் சுகாதார இலாகா சீரம் எடுத்து வந்தது. 1901 அக்டோபர் தொடக்கத்தில் ஜிம்முக்கு ரண ஜன்னி கண்டது, சுட்டுவிட்டார்கள். ஆனால் செப்டம்பர் கடைசியில் எடுத்த சீரத்திலேயே ஜன்னி விஷம் ஏறியிருந்தது. குதிரை வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்த நாள் அது! அந்தச் சீரத்தைச் சோதிக்காமல் புட்டியில் அடைத்து, ஆகஸ்டுத் தேதி போட்ட லேபிளையும் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். 13 குழந்தைகள் இறந்தன. மறு வருஷமே, 1902-ல், இப்படிப்பட்ட மருந்துகளைச் செய்பவர்கள் உரிமம் பெற்றுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது.

அதே 1902-ல் நம் நாட்டிலேயே இன்னொன்று நடந்தது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அப்போது பிளேக் நோய் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலம். வால்டிமர் ஹாப்கின் என்ற ரஷ்ய யூத விஞ்ஞானி பம்பாயில் பிளேக் தடுப்பு மருந்தைக் கண்டுபிடித்து, முதல் ஊசியை 1897-ல் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டவர். பரேலில் இருந்த பழைய கவர்னர் மாளிகையில் அவருடைய ஆய்வுக்கூடம் நடந்தது. அங்கிருந்து புட்டி புட்டியாகப் பஞ்சாபுக்கு மருந்து போயிற்று.

1902 அக்டோபர் 30-ந் தேதி, பஞ்சாபில் மல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அவர்களில் 19 பேருக்கு '53 என்' என்று எண் போட்ட ஒரே புட்டியிலிருந்து மருந்து எடுத்தார்கள். அந்த 19 பேருக்கும் ரண ஜன்னி கண்டது. 19 பேரும் இறந்தார்கள். மற்றப் புட்டிகளிலிருந்து போட்டுக்கொண்டவர்களுக்கு ஒன்றுமில்லை.

கிருமி எங்கே புகுந்தது? விசாரணைக் கமிஷன் பம்பாயைக் கை காட்டியது. ஹாப்கின் முன்பு கலந்துவந்த கார்பாலிக் திராவகத்தை விட்டுவிட்டு, வெப்பத்தால் மட்டும் கிருமியைக் கொல்லும் முறைக்கு மாறியதுதான் காரணம் என்றார்கள். ஹாப்கினுக்கு வேலை போயிற்று. அவரோ விடவில்லை. புட்டியைத் திறந்த அன்று உதவியாளர் கையிலிருந்த இடுக்கி மண்ணில் விழுந்தது. அதை நெருப்பில் காட்டாமல் கார்பாலிக்கில் அலசிவிட்டு, அதைக் கொண்டே மூடியைப் பிடுங்கியிருக்கிறார். ரண ஜன்னிக் கிருமி மண்ணில் விதை போலக் கிடப்பது. கார்பாலிக்கில் ஒரு முக்கு முக்கினால் அது சாகாது. இந்த உண்மை அதிகாரிகள் காதில் ஏற ஐந்து வருஷம் ஆயிற்று. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்ட ரொனால்டு ராஸ் முதலான விஞ்ஞானிகள் 1907-ல் லண்டன் பத்திரிகையில் கையெழுத்துப் போட்டு எழுதிய பிறகுதான் அவர் மேல் குற்றமில்லை என்றார்கள். 1925-ல் பரேல் ஆய்வுக்கூடத்துக்கே ஹாப்கின் இன்ஸ்டிடியூட் என்று பெயர் வைத்தார்கள். நம் நாட்டில் பாம்புக் கடி மருந்து செய்த பெரிய நிலையங்களில் அதுவும் ஒன்று.

19 பேர் செத்ததில் ஒரு பிடிமானம் இருந்ததைக் கவனித்தீர்களா? புட்டிக்கு எண் இருந்தது. எந்த எண், எப்போது அடைத்தது, யாருக்குப் போட்டது என்ற கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் 'ஊசியே ஆகாது' என்று ஊர் பேசியிருக்கும், காரணம் தெரியாமலே போயிருக்கும்.

சரி, உயிருள்ள கிருமியை ஒழிக்கக் கற்றுக்கொண்டார்கள். கொதிக்க வைத்தார்கள், கார்பாலிக் கலந்தார்கள், பீங்கான் வடிகட்டியில் வடித்தார்கள். ஆனாலும் ஊசி போட்டால் சில சமயம் நடுக்கமும் காய்ச்சலும் வந்தன. மருந்தில் உயிருள்ள கிருமி ஒன்று கூட இல்லை, ஆனாலும் காய்ச்சல்! டாக்டர்களுக்குப் பெரிய புதிராக இருந்தது.

இதை அவிழ்த்தவர் ஒரு பெண். பிளாரன்ஸ் சீபர்ட் என்று பெயர். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால் பாதிக்கப்பட்டவர். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த அவர், 1923-ல் இதற்கு விடை சொன்னார். குற்றம் மருந்தில் இல்லை, மருந்தைக் கரைத்த தண்ணீரில் இருக்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீர்தானே, அதில் என்ன குற்றம் என்றால், தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஆவியோடு சேர்ந்து நுண்ணிய திவலைகளும் தெறித்து அந்தப் பக்கம் போய்விடுகின்றன. பன்னீர் இறக்குகிறவர்களுக்கு இது தெரியும், அடுப்பு அதிகமானால் சட்டியில் இருப்பதே பொங்கி ஏறிவிடும். அந்தத் திவலையில் செத்த கிருமிகளின் சக்கை இருந்தது. காய்ச்சலைக் கிளப்பியது அந்தச் சக்கைதான். தெறிப்பதைத் தடுக்கும் ஓர் அமைப்பை வடிபாத்திரத்தில் வைத்தார், காய்ச்சல் நின்றது.

இதை நம்ம வீட்டுப் பாலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். காலையில் கறந்த பாலை மத்தியானம் வரை வெயிலில் வைத்துவிட்டு, பிறகு கொதிக்க வையுங்கள். கிருமி செத்துப் போகும். ஆனால் புளிப்பு போகுமா? திரிந்தது திரிந்ததுதான். அதே மாதிரி, சீரத்தில் கிருமி பெருகிய பிறகு அதைக் கொல்வதில் பாதிப் பிரயோஜனம்தான் உண்டு. சில வகைக் கிருமிகளின் மேல் தோலில் உள்ள நஞ்சு அந்தக் கிருமி செத்த பிறகும் நிற்கும். சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் அது அழியாது. கண்ணாடிப் பாத்திரங்களை 250 டிகிரி உலர்ந்த சூட்டில் அரை மணி நேரம் வைத்தால்தான் போகும். கண்ணாடியை அப்படிச் சுடலாம், சீரத்தைச் சுட முடியுமா? முட்டையின் வெள்ளைக் கரு மாதிரி உறைந்துவிடும். வடிகட்டலாம் என்றால், இன்றைய வடிகட்டிச் சவ்வின் துளை ஒரு மில்லிமீட்டரை 4,500 பங்காக்கினால் ஒரு பங்கு அளவுதான். அதில் கிருமி நின்றுவிடும், அதன் நஞ்சு நழுவி வந்துவிடும்.

ஆகவே வழி ஒன்றுதான். முதலிலிருந்தே கிருமியைப் பெருக விடக் கூடாது. பால் சொசைட்டியில் கறந்த உடனே கொண்டு வா, குளிர வை, ஒருத்தர் வீட்டுக் கெட்ட பால் மொத்தக் கேனையும் கெடுத்துவிடும் என்று சொல்கிறார்களே, அதே சட்டம்தான்.

இந்தச் சட்டம் நம் தமிழ்நாட்டிலேயே தொடங்குகிறது. சென்னையிலிருந்து மகாபலிபுரம் போகும் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி என்ற ஊரில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. இருளர் குடும்பங்கள் நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் உண்டு, ஏரிக்கரையில் எலி வளை வெட்டுகிறவர்களாகப் பார்த்திருப்பீர்கள். 1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது இவர்கள் பிழைப்பு போயிற்று. ரோமுலஸ் விட்டேகர் என்பவரின் முயற்சியோடு 1978-ல் சங்கம் அமைத்தார்கள். தோலுக்காகப் பாம்பைக் கொன்ற கை, விஷத்துக்காக அதை உயிரோடு காப்பாற்றத் தொடங்கியது. சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

பிடித்த பாம்பை மண்பானையில் விட்டுத் துணியால் வாய் கட்டி வைப்பார்கள். சில வாரத்துக்குள் நாலு முறை விஷம் எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிளில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். விஷத்துக்கே சில கிருமிகளைக் கொல்லும் சக்தி உண்டு என்பது வேடிக்கையான விஷயம். ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. எச்சில், ரத்தம், வாய்த் தோல் எல்லாம் கலந்து வரும். விஷத்தை உடனே சுழல் இயந்திரத்தில் சுற்றிக் கசடைப் பிரித்து, உறைய வைத்து, ஈரத்தை உறிஞ்சிப் பொடியாக்கிவிட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. மல்லாட்டையை ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், காய வைத்தால் நிற்கும். இதுவும் அப்படித்தான்.

அடுத்தது குதிரை. விஷக் கரைசலை வடிகட்டி, குதிரையின் தோலில் மயிரை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து ஊசி போடுகிறார்கள். அழுக்கோடு போட்டால் கட்டி வந்து சீழ் பிடிக்கும். ஜிம் கதை மறக்கவில்லை, எல்லாக் குதிரைக்கும் முதலிலேயே ரண ஜன்னித் தடுப்பூசி உண்டு. பழைய காலத்தில் ரத்தத்தைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து, உறையும் வரை வைத்திருந்து, மேலே தெளிந்த சீரத்தை எடுப்பார்கள். ஜாடியின் வாய் எத்தனை முறை திறந்ததோ அத்தனை முறையும் கிருமிக்கு அழைப்புதான். இப்போது மூடிய பிளாஸ்டிக் பையில் நேராக ரத்தம் இறங்குகிறது. சிவப்பணுக்களைப் பிரித்துக் குதிரைக்கே திருப்பி ஏற்றிவிட்டு, மஞ்சள் நீரை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். பல குதிரைகளின் நீரை ஒரே தொட்டியில் சேர்ப்பதற்கு முன் பை பையாகச் சோதிக்க வேண்டும். கேன் பால் ஞாபகம் வருகிறதல்லவா?

அந்த மஞ்சள் நீரிலிருந்து விஷத்தை முறிக்கும் சத்தைப் பிரிப்பது நாள் கணக்கில் நடக்கிற காரியம். ஒவ்வொரு தொட்டி மாற்றும்போதும் தண்ணீர், குழாய், கை, காற்று என்று கிருமிக்கு வழி திறக்கிறது. கோஸ்டாரிகா என்ற சின்ன நாட்டில் 1994-ல் ஓர் எளிய வழியைக் கண்டார்கள். தேங்காய் எண்ணெயில் இயற்கையாகவே இருக்கும் காப்ரிலிக் அமிலத்தைக் கலந்தால் வேண்டாத சத்துகள் திரிந்து ஒதுங்கிவிடுகின்றன, வேண்டியது தெளிவாக நிற்கிறது. படிகள் குறைந்தன, கை படுவதும் குறைந்தது. அறிவாளித்தனம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

கடைசியில் சோதனை. முயலுக்கு மருந்தை ஏற்றி மூன்று மணி நேரம் அதன் உடம்புச் சூட்டைப் பார்ப்பார்கள். சூடு ஏறினால் அந்தத் தொகுதி ஆகாது. இன்னொரு சோதனைக்குக் குதிரை லாடம் போல ஓடுள்ள ஒரு கடல் பிராணியின் நீல ரத்தம் உதவுகிறது. கிருமியின் நஞ்சு துளி பட்டாலும் அந்த ரத்தச் சாறு உறைந்துவிடும். 1960-களில் அமெரிக்காவில் பாங், லெவின் என்ற இருவர் கண்ட முறை இது. நம் ஒடிசாக் கடற்கரையிலும் அந்தப் பிராணி உண்டு.

இவ்வளவு விதி இருந்தும் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்கிறதா என்றால், அதற்குச் சண்டையும் நடந்திருக்கிறது. 2008 ஜனவரியில் கசௌலி, குன்னூர், கிண்டி ஆகிய மூன்று அரசாங்க நிலையங்களின் தடுப்பு மருந்து உரிமத்தை, சுத்தமான தயாரிப்பு முறைக்கு ஏற்ற கட்டடமும் வசதியும் இல்லை என்று மத்திய அரசு நிறுத்தி வைத்தது. எதிர்ப்புக் கிளம்பி 2010-ல் அந்தத் தடை விலகியது. என் அபிப்பிராயம், சுத்தத்தில் சலுகை காட்டக் கூடாது என்பது நியாயம். ஆனால் ஓட்டை விழுந்த கூரைக்கு ஓடு மாற்றாமல் வீட்டையே பூட்டினால், பிறகு நம் மருந்துக்கு யார் வாசலில் போய் நிற்பது?

ஏனென்றால் இந்த மருந்தின் தேவை குறையவில்லை. 2000 முதல் 2019 வரை இருபது வருஷத்தில் இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு கணக்குச் சொல்கிறது. வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள்.

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வருவோம். மருந்து ஏறும்போது வருகிற தொந்தரவு இரண்டு தினுசு. உடனேயோ சற்று நேரத்திலோ உடம்பு அரித்துத் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் வந்தால் அது குதிரைச் சத்து ஒத்துக்கொள்ளாததால் வருவது. இது ஆபத்தானது, உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். ஒன்று இரண்டு மணி நேரத்தில் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், அது பெரும்பாலும் நான் சொன்ன கிருமிச் சக்கையின் வேலை. எதுவானாலும் டாக்டர்கள் மருந்தைச் சற்று நிறுத்தி, அட்ரினலின் ஊசியோ காய்ச்சல் மருந்தோ கொடுத்து, ஆள் தேறியதும் மறுபடி மெதுவாக ஏற்றுவார்கள். நடுக்கம் கண்டு குழாயைப் பிடுங்கினால் விஷம் உள்ளேயே நின்றுவிடும்.

கடித்த இடத்தைப் பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைத்து அப்புவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கீறின இடத்தில் மண்ணும் சாணமும் பட்டால், மல்கோவாலில் இடுக்கி செய்ததை நாமே செய்துகொள்கிறோம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, நேராக ஆஸ்பத்திரி.

அந்த அம்மா கதைக்கு வருகிறேன். நடுக்கம் வந்ததும் டாக்டர் குழாயை அடைத்தார், ஊசி போட்டார், கம்பளி போர்த்தச் சொன்னார். அரை மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது, மறுபடி மருந்து ஏறியது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்றைக்கும் அவருக்கு மல்லாட்டைக் கொல்லைதான், கையில் மட்டும் ஒரு தடி வைத்துக்கொண்டு செடியைத் தட்டிவிட்டுக் குனிகிறார்.

அன்று ராத்திரி அந்தத் தம்பி இன்னொன்றையும் பார்த்திருக்கிறார். நடுக்கம் அடங்கிய பிறகு நர்ஸம்மா காலி மருந்துப் புட்டிகளைக் குப்பையில் போடாமல் விளக்கடியில் வரிசையாக வைத்து, லேபிளைப் பார்த்துப் பார்த்துக் கேஸ் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாராம். "என்னம்மா எழுதறீங்க?" என்று கேட்டதற்கு, "புட்டி நம்பர்ப்பா. இந்த நம்பர்ல வேற யாருக்காவது இப்படி ஆச்சான்னு மேலே கேப்பாங்க" என்றாராம்.